சோப்பும் கிருமிநாசினியும் ஏன் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை?

சாரல் காலத்தில் அருவிக்கரைப் பாறையில் வழுக்கி, கால் சிராய்த்து வருவோரைக் குற்றாலத்தில் நாங்கள் ஆண்டுதோறும் காண்கிறோம். “சோப்புப் போட்டுக் கழுவி, உடனே மருந்துத் தண்ணீரும் ஊற்றினோமே, பிறகும் ஏன் சீழ் பிடித்தது?” என்று உடன் வருவோர் கேட்பதுண்டு. காரணங்கள் பல. அவற்றுள் பலரும் அறியாத ஒன்றை இங்கு விளக்குகிறோம்.

சோப்பும், செட்ரிமைடு, பென்சல்கோனியம் குளோரைடு போன்ற கிருமிநாசினிகளும் ஒரே குடும்பத்தவை. இவற்றின் மூலக்கூறு தலைப்பிரட்டையை ஒத்தது: தலை நீரை நாடும், வால் எண்ணெயை நாடும். வேறுபாடு தலையின் மின்னூட்டத்தில் உள்ளது. சோப்பின் தலை எதிர்மின் தன்மையது. பாக்டீரியாவின் மேற்பரப்பும் அவ்வாறே இருப்பதால், சோப்பு பெரும்பாலும் அதனைக் கொல்வதில்லை. எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்த்து நீரில் அடித்துச் செல்ல உதவுகிறது. செட்ரிமைடின் தலையோ நேர்மின் தன்மையது. அது பாக்டீரியாவின்மேல் ஒட்டிக்கொண்டு, தன் வாலைக் கொழுப்புச் சவ்வுக்குள் செருகுகிறது. சவ்வு சிதைந்து, உள்ளிருப்பவை கசிய, கிருமி மடிகிறது. வாலின் நீளமும் முக்கியம். 12 முதல் 16 கார்பன் அணுக்கள் கொண்ட வாலே நன்கு வேலை செய்யும். குட்டையான வால் சவ்வில் ஊன்றாது, மிக நீண்டது நீரில் சரிவரக் கரையாது. பென்சல்கோனியத்தின் கிருமி கொல்லும் ஆற்றலை ஜெர்மானிய மருத்துவர் கெர்ஹார்ட் டோமாக் 1935-இல் வெளியிட்டார்.

காயத்தில் சோப்பு நுரை மிஞ்சியிருக்கையில் இம்மருந்தை ஊற்றினால், எதிரெதிர் மின்னூட்டம் கொண்ட இரு தலைகளும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். கிருமியைத் தாக்க மருந்து மிஞ்சுவது சொற்பமே. எனவே சோப்பை ஓடும் நீரில் முழுவதும் அலசிய பின்னரே, மருத்துவர் கூறியிருந்தால், கிருமிநாசினியைச் சீட்டில் கண்ட அளவில் கலந்து பயன்படுத்துங்கள். கூடுதல் செறிவு புண்ணின் திசுக்களையும் அரிக்கும்.

இன்னொன்று: கலக்கிய மருந்தை மூடி வைத்து மறுநாளும் பயன்படுத்தும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியாவுக்கு வெளிப்புறத்தில் கூடுதலாக ஒரு சவ்வு இருப்பதால், நீர்த்த கரைசலிலேயே அது பிழைத்துப் பெருகக்கூடும். அன்றாடம் புதிதாகக் கலக்குங்கள். நீரிழிவு நோயாளியின் காற்புண்ணை வீட்டில் கழுவிப் பார்த்துக் காத்திராமல் அன்றே அழைத்து வாருங்கள்.

நாயோ குரங்கோ கடித்தால் நிலைமை வேறு. ரேபிஸ் வைரஸைச் சுற்றிக் கொழுப்புறை இருப்பதால், அதனைச் சோப்பே சிதைத்துவிடும். கடிவாயைச் சோப்பிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிய பின், தாமதமின்றித் தடுப்பூசிக்கு வந்து சேருங்கள்.