பிரெஞ்சு வினையும் ‘பேசியிருந்தால்’ என்னும் எச்சமும்

திருவள்ளூர் மாவட்டத்திலே, கும்மிடிப்பூண்டியை அடுத்த தேர்வாய்கண்டிகைத் தொழிற்பேட்டையில், பிரெஞ்சு நாட்டு மிச்செலின் நிறுவனத்தின் டயர்த் தொழிற்சாலை இயங்கி வருகின்றது. பிரெஞ்சு என்றால் புதுச்சேரியையும் காரைக்காலையுமே எண்ணிப் பழகிய நமக்கு இது புதுமையாகத் தோன்றலாம். ஆயினும் தமிழர்க்கும் அம்மொழிக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. சென்னைப் பெரம்பூரிற் பிறந்த ஆனந்தரங்கப் பிள்ளை (1709–1761) புதுச்சேரியில் துய்ப்ளேக்ஸ் துரைக்குத் துபாஷியாய் விளங்கினார். முசே, துப்புய் என்னும் பிரெஞ்சுக் குருமார் இருவர் தமிழ்–பிரெஞ்சு அகராதியொன்றை இயற்றி, அதன் முதற்பகுதியை 1855ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இங்ஙனம் பழகிய மொழியாயினும், அதனைக் கற்கப் புகும் மாணவர் ஓரிடத்திற் கட்டாயம் இடர்ப்படுவர். அவ்விடத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிரெஞ்சு இலக்கணத்தார் வினையை உள்ளதை உள்ளவாறு கூறும் வினை என்றும், உள்ளத்தில் எண்ணப்படுவதைக் கூறும் வினை என்றும் பிரிப்பர். விருப்பம், அச்சம், ஐயம், வருத்தம் முதலியவற்றைச் சார்ந்து வருவது பின்னையது. இதனை ‘ஸுப்ஜோன்க்தீஃப்’ என்பர். நாம் ‘எண்ணவினை’ எனக் கொள்வோம். ‘வாழ்க’ என்னும் நம் வியங்கோளுக்கு நேராகப் பிரெஞ்சில் வழங்கும் ‘வீவ்’ என்பதும் இவ்வகையினதே. இவ்வெண்ணவினைக்குரிய காலங்களுள் ஒன்று ‘ப்ளூ-க-பார்ஃபே’ எனப்படும். ‘முற்றியதினும் முற்றியது’ என்பது அதன் சொற்பொருள். இறந்த காலத்து நிகழ்ச்சி ஒன்றற்கும் முன்னரே முடிந்ததாக எண்ணப்படுவதை அது குறிக்கும்.

இதனை ஆக்கும் முறை அஞ்சத் தக்கதன்று. ‘பேசு’ எனப் பொருள்படும் ‘பார்லே’ என்னும் ஒழுங்கான வினையை எடுத்துக்கொள்வோம். முதலாவது, துணைவினையைத் தெரிந்துகொள்ளல் வேண்டும். பெரும்பான்மை வினைகட்கு ‘உடைமை’ப் பொருளுள்ள ‘அவ்வார்’ துணையாகும். வந்துசேர்தல், விழுதல் போன்ற சில வினைகட்கு ‘இருத்தல்’ பொருளுள்ள ‘எத்ர்’ துணையாகும். இரண்டாவது, அத்துணைவினையை எண்ணவினையின் நிறைவுறா இறந்தகாலத்தில் வைத்தல் வேண்டும். மூன்றாவது, முதல்வினையின் இறந்தகால எச்சத்தை அதன்பின் சேர்த்தல் வேண்டும். இவ்வளவே.

‘அவ்வார்’ என்பதன் வடிவங்கள் வருமாறு: நான் என்பதற்கு யூஸ், நீ என்பதற்கு யூஸ், அவன் என்பதற்கு யூ, நாம் என்பதற்கு யூஸியோன், நீங்கள் என்பதற்கு யூஸியே, அவர்கள் என்பதற்கு யூஸ். இவ்வாறின் பின்னும் ‘பார்லே’ என்பதைச் சேர்த்தால் வேண்டிய வடிவம் கிடைக்கும். இங்கு ‘யூ’ என எழுதியது ஒருவாற்றான் ஒப்புமையே. யகரவொலி அதில் இல்லை. நாவை இகரத்திற்குரிய நிலையில் வைத்து, இதழை உகரத்திற்கெனக் குவித்து ஒலித்தல் வேண்டும்.

எழுத்திலே ஆறிடத்தும் ஆறு வடிவம். செவிக்கோ நான்கே ஒலி. தன்மை ஒருமையும் முன்னிலை ஒருமையும் படர்க்கைப் பன்மையும் ஒன்றாகவே ஒலிக்கும். ஈற்றெழுத்துக்கள் ஒலியாமற் போவதே காரணம். படர்க்கை ஒருமையில் உயிரெழுத்தின் தலைமேற் கூரை போன்றதொரு குறி இடப்படும். முற்காலத்தில் அங்கே ஒலித்து மறைந்த ஸகரத்தின் நினைவுச் சின்னம் அது. அக்குறியை விட்டெழுதினால் எண்ணவினை மாறி, நடந்ததைக் கூறும் வினையாகிவிடும். தேர்வில் மதிப்பெண் இழக்கும் இடம் இதுவே.

ஏனைய ஒழுங்கான வினைகளும் இவ்வாறே. ‘முடி’ என்னும் பொருளுள்ள ஃபினீர் ‘ஃபினி’ என்றும், ‘விற்பு’ என்னும் பொருளுள்ள வாந்த்ர் ‘வாந்த்யூ’ என்றும் எச்சமாகும். ‘வந்துசேர்’ என்னும் அரிவே, ‘எத்ர்’ துணையை ஏற்று, ஃப்யூஸ், ஃப்யூஸ், ஃப்யூ, ஃப்யூஸியோன், ஃப்யூஸியே, ஃப்யூஸ் என்பவற்றின் பின்னே நிற்கும். அவ்வழி எழுவாயின் பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்ப எச்சத்தின் எழுத்தும் மாறும்.

இனி, இத்தகைய வடிவம் தமிழில் இல்லையே எனச் சிலர் குறை கூறுவதுண்டு. ‘அவன் பேசியிருந்தால் நாம் அவனைக் காப்பாற்றியிருப்போம்’ என்னும் வாக்கியத்தை நோக்குக. பிரெஞ்சு இலக்கிய நடையில் இவ்விரு வினைகளையும் மேற்கூறிய வடிவத்திலேயே அமைக்கலாம். தமிழில் ‘பேசி’ என்னும் எச்சம் முன்னும், ‘இரு’ என்னும் துணைவினை பின்னும் நிற்கின்றன. பிரெஞ்சில் துணை முன்னும் எச்சம் பின்னுமாக அமைகின்றன. அவர்க்குத் துணைவினை இரண்டு. நமக்கு ‘இரு’ ஒன்றே போதும். அவர்க்கு இடந்தோறும் வடிவம் வேறு. நமக்கோ ‘பேசியிருந்தால்’ என்பது மூவிடத்திற்கும் பொது. ஆயினும் ஒரு நுட்பம் அறியத்தக்கது. ‘அவன் நேற்றுப் பேசியிருந்தால் விடை இன்று வரும்’ என்றால், பேசினானோ இல்லையோ என்பது ஐயமே. ‘விடை வந்திருக்கும்’ என்று முடித்தாற்றான் அவன் பேசவில்லை என்பது பெரும்பாலும் புலனாகும். எனவே நிகழாமையை எச்சம் தனித்து உணர்த்தாது. முடிக்கும் சொல்லொடு கூடியே உணர்த்தும். ஆகவே தமிழில் இப்பொருள் இல்லாமலில்லை. அது வேறோரிடத்தில் உறைகின்றது.

இவ்வடிவம் இன்று பிரெஞ்சுப் பேச்சில் வழங்குவதில்லை, எழுத்திலும் அருகிவிட்டது. தேர்வாய்கண்டிகைக்கு வரும் பிரெஞ்சுப் பொறியாளரொடு உரையாட அது வேண்டுவதன்று. ஆயினும் பழைய நூல்களைக் கற்பார்க்கு அஃது இன்றியமையாதது. பெத்தானியாவிலே உடன்பிறந்தவனை இழந்த மார்த்தாள், ஆண்டவர் அங்கே இருந்திருந்தால் அவன் மரித்திருக்க மாட்டான் என்று கலங்கிய இடத்தைப் பழைய பிரெஞ்சு வேதாகமங்களிற் பார்ப்போர் இவ்வெண்ணவினையையே காண்பர். துயருற்ற உள்ளம் எந்நாட்டிலும் இவ்வினையையே நாடுகின்றது. கைவிட்டுப் போன வாய்ப்பை எண்ணி ஏங்குதற்கென்றே மாந்தர் இலக்கணத்தில் ஓரிடம் வகுத்துள்ளனர் போலும்.

எனினும், மார்த்தாளின் துயரம் அச்சொல்லோடு முடிந்துவிடவில்லை என்பதை நாம் அறிவோம். மாணவராகிய நாம், ‘கற்றிருந்தால்’ என்று பின்னாளில் வருந்தாதபடி, காலம் கையிலுள்ளபோதே இருமொழியும் கற்போமாக.