செஞ்சி மலைகளின் வேதியியல்

செஞ்சிக் கோட்டையைத் தாங்கும் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மலைகள் கருங்கல்லால் ஆனவை. சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தின் ஆழத்தில் பாறைக் குழம்பு மெல்ல ஆறி இறுகியதில் உருவான கல் இது. இத்தகைய பழம்பாறைகளின் வயதைச் சொல்வது சிர்கான் என்ற நுண்படிகம். படிகமாகும்போது அது யுரேனியத்தை ஏற்கும், ஈயத்தை ஏற்காது. எனவே இன்று அதற்குள் இருக்கும் ஈயம் பெரும்பாலும் யுரேனியம் சிதைந்து வந்ததே. யுரேனியம்-238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டுகள் ஆகும். இரண்டின் விகிதத்தை அளந்தால் வயது கிடைத்துவிடும்.

கோட்டை ஏறுவோரை வியக்க வைப்பவை ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் உருண்டைப் பாறைகள். அவற்றை யாரும் உருட்டிவந்து அடுக்கவில்லை. காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயு மழைநீரில் கரைந்து மென்மையான கார்பானிக் அமிலமாகிறது. பாறையின் விரிசல் வழியே இறங்கும் அந்த நீர் ஃபெல்ட்ஸ்பார் கனிமத்தைச் சிதைக்கிறது. பொட்டாசியமும் சோடியமும் கால்சியமும் கரைந்து போக, களிமண் மிஞ்சுகிறது. குவார்ட்ஸ் கரைவது மிக அரிது. அது மணலாக உதிரும். பாறையின் மூலைகளை அமிலம் பல பக்கமும் தாக்குவதால் அவை முதலில் மழுங்கி, வெங்காயச் சருகு போல ஏடேடாக உரிகின்றன. இந்த வேலையில் பெரும்பகுதி மண்ணுக்கடியிலேயே நடந்தது. பிறகு மண் அரித்துப் போக, உருண்டைகள் வெளிப்பட்டன. செஞ்சியின் வரலாற்றில் அதை ஆண்ட தேசிங்குராஜனுக்கு உள்ள இடத்தில் கொஞ்சமாவது இந்த மழைநீருக்கும் தர வேண்டும்.

கரைந்த கால்சியம் கடலுக்குப் போய்ச் சுண்ணாம்புப் பாறையாகிறது. காற்றிலிருந்த கரியமில வாயுவும் அதோடு சிறைப்படுகிறது. எரிமலைகள் அதைத் திருப்பித் தருகின்றன. பூமியின் வெப்பம் நெடுங்காலம் உயிர்களுக்கு ஏற்ற அளவில் நின்றதற்கு இந்தச் சுழற்சி முக்கியக் காரணம். திரவ நீர் இல்லாத வெள்ளிக் கோளில் அது நடப்பதில்லை. அங்கே காற்றில் 96 சதவீதம் கரியமில வாயு. தரையின் வெப்பம் சுமார் 465 டிகிரி செல்சியஸ்.



கருங்கல்லைச் சிதைக்கும் நீருக்கு அது பிறப்பதிலும் பங்குண்டு. பாறை குறைந்த வெப்பத்தில் உருக நீர் துணை செய்வதால், கருங்கல் பூமியில் ஏராளம். நிலவிலோ அது மிக அரிது; அதன் மேட்டுநிலங்கள் அனார்த்தோசைட் என்ற வெளிர்நிறப் பாறையால் ஆனவை. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் கிடைக்கும் அத்தகைய பாறையைப் பொடியாக்கி, சந்திரயான் சோதனைகளுக்கான செயற்கை நிலவு மண்ணை இஸ்ரோ தயாரித்தது. 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவின் தென்பகுதியில் இறங்கிய சந்திரயான்-3இன் பிரக்யான் ஊர்தி அங்குள்ள மண்ணின் தனிமங்களை அளந்தது. அதுவும் பெரும்பாலும் அனார்த்தோசைட் வகையே என்று தெரியவந்தது.