மூன்று சென்டிமீட்டர் இறக்கினால்

காரைத் தாழ்த்துவது என்றால், சக்கரத்துக்கும் உடற்கூட்டுக்கும் நடுவே நிற்கும் காயில் ஸ்பிரிங்கைக் குட்டையாக்கி, வண்டியின் அடிவயிற்றைத் தரைக்கு நெருக்கமாக இறக்குவது. திருப்பங்களில் வண்டி சாயாமல் சாலையைப் பிடித்துக்கொண்டு போகும் என்பது இதற்குச் சொல்லப்படும் முதல் காரணம். பார்வைக்கு எடுப்பாக இருக்கும் என்பது இரண்டாவது. அழகு அவரவர் விருப்பம்; முதல் காரணத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்க முடியும்.

1,000 கிலோ எடையுள்ள ஒரு கார். அதன் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 55 செ.மீ. உயரத்தில் இருக்கிறது; இடது, வலது சக்கரங்களுக்கு இடையே 1.5 மீட்டர். நேராக ஓடும்போது ஒவ்வொரு பக்கமும் 500 கிலோ தாங்கும். ஈர்ப்பு முடுக்கத்தில் பாதி அளவுக்குப் பக்கவாட்டு முடுக்கம் வரும்படி வேகமாகத் திரும்பினால், உள்பக்கத்திலிருந்து சுமார் 183 கிலோ சுமை வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறும். அதே காரை 3 செ.மீ. தாழ்த்தினால், மாறும் சுமை 173 கிலோவாகக் குறையும். டயரின் பிடிமானம் சுமைக்கு நேர்விகிதத்தில் வளர்வதில்லை என்பதால், சுமை எவ்வளவு சமமாகப் பிரிகிறதோ அவ்வளவுக்கு மொத்தப் பிடிமானம் கூடும். ஆகவே ஆதாயம் உண்மைதான். ஆனால் அது பத்து கிலோ ஆதாயம்.

சாய்வின் கதை இன்னும் சிக்கலானது. உடற்கூடு ஈர்ப்பு மையத்தைச் சுற்றிச் சாய்வதில்லை. சஸ்பென்ஷனின் கைகள் அமைந்த விதத்தால் உருவாகும் 'சாய்வு மையம்' என்ற கற்பனைப் புள்ளியைச் சுற்றியே சாய்கிறது. சிறிய கார்கள் பெரும்பாலானவற்றின் முன்பக்கத்தில் இருப்பது மெக்பெர்சன் ஸ்ட்ரட் அமைப்பு. அதில் வண்டியை இறக்கும்போது சஸ்பென்ஷனின் கீழ்க்கையின் சரிவு மாறி, சாய்வு மையம் ஈர்ப்பு மையத்தைவிட அதிகமாகக் கீழே போய்விடுகிறது. இரண்டுக்கும் இடையிலான தூரம் கூடுவதால், வண்டியைச் சாய்க்கும் நெம்புகோல் நீள்கிறது. ஸ்பிரிங்கின் விறைப்பை மாற்றாமல் உயரத்தை மட்டும் குறைத்த கார், முன்னைவிட அதிகமாகச் சாயவும் கூடும். தாழ்த்திய கார் சாயாமல் திரும்புகிறது என்று ஓட்டுபவர் உணர்வது பெரும்பாலும் உயரத்தால் அல்ல, கூடவே மாட்டிய விறைப்பான ஸ்பிரிங்கால்.

அந்த விறைப்பைத் தவிர்க்கவும் முடியாது. சக்கரம் மேலேறி அமுங்க முன்பு 8 செ.மீ. இடம் இருந்தது என்று வைத்துக்கொண்டால், தாழ்த்தியபின் 5 செ.மீ.தான் மிச்சம். ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும் ஆற்றல் அமுங்கும் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், ஒரு பள்ளத்தின் அதே அடியை 5 செ.மீ.க்குள் தாங்க ஸ்பிரிங் ஏறத்தாழ இரண்டரை மடங்கு விறைப்பாக வேண்டும். அவ்வளவு விறைப்பை யாரும் மாட்டுவதில்லை. மிஞ்சும் அடியை பம்ப் ஸ்டாப் எனும் ரப்பர் கட்டையும், அதன் வழியே பயணியின் முதுகும் வாங்கிக்கொள்கின்றன.

குடும்பத்துக்கான காரின் உடற்கூடு நொடிக்கு ஒன்று முதல் ஒன்றரை முறை வரை மேலும் கீழும் ஆடும்படி வடிவமைக்கப்படுகிறது. விளையாட்டுக் கார்களில் இது இரண்டை நெருங்கும். உட்கார்ந்திருக்கும் மனித உடல் நொடிக்கு 4 முதல் 8 அதிர்வுகளுக்குத்தான் மிகக் கூடுதலாக வருந்தும். ஸ்பிரிங் விறைக்க விறைக்க அந்த வரம்புக்குள் கசியும் அதிர்வு கூடுகிறது. 1930களில் அமெரிக்காவின் கேடிலாக் நிறுவனத்தில் பணியாற்றிய பொறியாளர் மாரிஸ் ஒல்லி இன்னொன்றைக் கண்டார்: முன் ஸ்பிரிங் சற்று மெதுவாகவும் பின் ஸ்பிரிங் சற்று வேகமாகவும் ஆடினால், மேட்டில் பிந்தி ஏறும் பின்பக்கம் முன்பக்கத்தின் ஆட்டத்தை எட்டிப் பிடித்துவிடும், வண்டி முன்னும் பின்னும் குதிக்காது. முன்பக்கத்தை மட்டும் தாழ்த்தி விறைப்பாக்குபவர்கள் இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கிவிடுகிறார்கள்.

பிடிமானமா, சொகுசா என்ற இந்த இருமுனைப் பேரம் ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கு அன்றாடப் பாடம். டிவிஎஸ் மோட்டாரின் ஓசூர் ஆலையில் பிஎம்டபிள்யூவுக்காகத் தயாரான ஜி 310 ஆர், ஜி 310 ஜிஎஸ் ஆகிய இரண்டு மோட்டார்சைக்கிள்களுக்கும் ஒரே 313 சிசி இன்ஜின்தான். ஆனால் ஆர் வகையின் முன் சஸ்பென்ஷன் 140 மி.மீ. அமுங்கும், ஜிஎஸ் வகையில் 180 மி.மீ. இருக்கை உயரம் முறையே 785, 835 மி.மீ. தார்ச்சாலைத் திருப்பத்துக்கு ஒன்று, கரடுமுரடான வழிக்கு மற்றொன்று. இரண்டையும் ஒரே வண்டியில் தர முடிந்திருந்தால் இரண்டு வண்டிகள் பிறந்திருக்க வேண்டியதில்லை.

ஓசூரைச் சுற்றிய தமிழக–கர்நாடக எல்லைப் பகுதியின் சாலைகளும் அப்படியே இரண்டு வகை. கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வழியாக ஓசூர், ஜூஜூவாடி, அத்திப்பள்ளி என்று ஏறிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44-இல் தாழ்ந்த கார் சுகமாகவே ஓடும். அதே கார் சிப்காட் உட்சாலைகளிலோ, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி கிராமச் சாலைகளிலோ நுழைந்தால் கணக்கு மாறிவிடும்.

குறிப்பாக வேகத்தடை. இந்திய சாலைகள் காங்கிரஸ் 1988-இல் வகுத்த அளவின்படி அது 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் கொண்ட மென்மையான வளைவாக இருக்க வேண்டும். முன், பின் சக்கரங்களுக்கு இடையே இரண்டரை மீட்டர் உள்ள கார் அதன் நடுவில் நிற்கும்போது நான்கு சக்கரங்களும் அந்த மேட்டின் மேலேயே இருப்பதால், வயிற்றுக்கு நேரே மேடு 5 செ.மீ.க்கும் குறைவாகவே துருத்தும். ஓரடி அகலத்தில் ஊரார் கொட்டி வைக்கும் மேடு அப்படியல்ல. அதன் முழு உயரமும் வண்டியின் அடியில் வந்து நிற்கும். 16.5 செ.மீ. தரை இடைவெளி உள்ள காரில் 3 செ.மீ. இறக்கி, ஐந்து பேரும் சாமான்களும் ஏறி இன்னொரு 3 செ.மீ. அமுங்கினால் எஞ்சுவது சுமார் 10 செ.மீ. இன்ஜின் ஆயில் சம்ப் அடிபடுவது இப்படித்தான்.

ஸ்பிரிங்கின் ஒரு சுற்றை வெட்டியெடுப்பது இருப்பதிலேயே மோசமான வழி. சுற்று குறைந்த ஸ்பிரிங் விறைத்துப்போகும். ஆனால் அதை அடக்கும் ஷாக் அப்சார்பர் பழைய ஸ்பிரிங்குக்கானது, ஆட்டம் அடங்காது. சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது குட்டையான ஸ்பிரிங் அதன் தாங்கியிலிருந்து நழுவவும் வாய்ப்புண்டு. சட்டமும் இதற்கு இடம் தருவதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தயாரிப்பாளர் குறித்த அடிப்படை அம்சங்களை மாற்றத் தடை விதிக்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. அதே ஆண்டின் திருத்தப்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம்.

ஈர்ப்பு மையத்தைத் தாழ்த்த, தரை இடைவெளியை இழக்காத வழியும் இருக்கிறது. மின்சாரக் கார்களில் கனமான பேட்டரி தரைத்தளத்துக்கு அடியில் படுத்திருப்பதால், உடற்கூட்டின் உயரம் குறையாமலே மையம் கீழே வந்துவிடுகிறது. பெட்ரோல் காரை வைத்திருப்பவர் திருப்பங்களில் உறுதியை விரும்பினால், முதலில் நல்ல டயரிலும் தேய்ந்த ஷாக் அப்சார்பரை மாற்றுவதிலும் பணத்தைச் செலவிட வேண்டும். ஓசூர், கிருஷ்ணகிரிச் சாலைகளில் அன்றாடம் ஓடும் குடும்பக் காருக்கு, தொழிற்சாலை கொடுத்த உயரமே சரியான உயரம்.