பால் இங்கே, ஆலை அங்கே

பால்மரம் வெட்டும் தொழில் நமக்குப் புதியதன்று. ஆயினும், அப்பால் உறைந்து, தகடாகிக் கப்பலேறிய பின் அதன் மதிப்பு எவ்வாறு பன்மடங்காயிற்று என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்த்ததில்லை. சில நாடுகள் செல்வத்தில் உயர்ந்தும், சில நாடுகள் பின்தங்கியும் இருப்பதற்குரிய காரணங்களுள் ஒன்று அங்கேதான் உள்ளது.

மரம் வந்த வழி

ரப்பர் இம்மண்ணுக்குரிய மரமன்று. 1876-ஆம் ஆண்டில் ஹென்றி விக்ஹம் என்னும் ஆங்கிலேயர், பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டனில் உள்ள கியூ பூங்காவிற்குக் கொண்டு சென்றார். அவற்றின் வழிவந்த 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூரை அடைந்தன. பின்னர், சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் தலைவராயிருந்த ரிட்லி, மரம் பட்டுப்போகாமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையைப் பரப்பினார். 1896-இல் மலாக்காவில் டான் சாய் யான் என்பவர் முதல் வணிகத் தோட்டத்தை அமைத்தார். மோட்டார் வண்டிகள் பெருகப் பெருக, காடுகள் தோட்டங்களாயின.

நிலம் மலாயாவுடையது, பெருந்தோட்டங்களின் முதல் பெரும்பாலும் இலண்டனுடையது, உழைப்போ கங்காணிகளின் வழி தமிழகத்திலிருந்து வந்த நம் முன்னோருடையது.

இலாபம் தங்கிய இடம்

ரப்பர்த் தகடு இங்கிருந்து சென்றது. டயரும் குழாயும் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் செய்யப்பெற்றன. ஆலை உள்ள இடத்திலேயே இயந்திர அறிவும், தொழில்திறனும், சேமிப்பும் வளரும். மூலப்பொருள் விற்கும் நாட்டிற்கு அவை எளிதில் கிட்டுவதில்லை. நம் முதல் இரயில் பாதையையே பாருங்கள். 1885-இல் திறக்கப்பட்ட அப்பாதை, தைப்பிங் ஈய வட்டாரத்தைப் போர்ட் வெல்ட் துறைமுகத்துடன் இணைத்தது. பொருளை வெளியே அனுப்புவதே அதன் முதல் நோக்கம்.

மூலப்பொருளின் விலையும் நம் கையில் இல்லை. 1929-இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தால் ரப்பர் விலை வீழ்ந்தது. வேலையிழந்த தொழிலாளர்கள் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். நியூயார்க்கிலும் இலண்டனிலும் விலை குறைந்தால், இங்குள்ள லயத்தில் அடுப்பு அணைந்தது.

விடுதலைக்குப் பின்

1957-இல் நாடு விடுதலை பெற்றது. ஆயினும் தோட்டங்கள் பல அயலார் உடைமையாகவே நீடித்தன. 1981 செப்டம்பர் 7-ஆம் நாள், பெர்மோடாலான் நேஷனல் நிறுவனம் இலண்டன் பங்குச் சந்தையில் கத்ரி நிறுவனத்தின் பங்குகளைச் சில மணி நேரத்தில் வாங்கி, அதன் ஆளுமையைப் பெற்றது. இன்று மலேசியா உலகின் முன்னணிக் கையுறை உற்பத்தி நாடுகளுள் ஒன்று. அந்த ஆலைகளுக்காகத் தாய்லாந்திலிருந்தும் ரப்பர்ப்பால் இறக்குமதியாகிறது. முன்பு பாலை மட்டும் விற்ற நாடு, இன்று பாலை வாங்கிப் பொருளாக்கி விற்கிறது.

எல்லாக் குறைக்கும் காலனி ஆட்சியே காரணம் என்று கூறிவிட்டு ஓய்ந்திருத்தல் முறையன்று. தோட்டத்தின் உடைமை மாறியதனால் மட்டும் பால்வெட்டுபவரின் வாழ்வு மாறிவிடவில்லை என்பதையும் நாம் அறிவோம். நாடுகளுக்குப் பொருந்தும் விதி குடும்பங்களுக்கும் பொருந்தும். கைத்திறனும் தொழிற்கல்வியும் பெற்றவரே பொருளின் மதிப்பில் கூடுதல் பங்கு பெறுவர். ஆகவே, பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து இடையில் நிறுத்தாதீர்கள். பள்ளி முடித்த பின் தொழிற்பயிற்சி நிலையங்களுக்கு அனுப்புங்கள். பால் எடுத்தவரின் பிள்ளை, அப்பாலைப் பொருளாக்கும் பொறியை இயக்கவும், வடிவமைக்கவும் கற்கட்டும்.