11 புள்ளி எடுத்தும் வெளியே

2019-ம் ஆண்டு ஆசியக் கிளப் கால்பந்துப் போட்டியான ஏ.எஃப்.சி. கோப்பையின் குரூப் சுற்றில் சென்னையின் எஃப்.சி. ஆறு ஆட்டங்கள் ஆடியது. மூன்றில் வெற்றி, இரண்டு டிரா, ஒரே ஒரு தோல்வி. மொத்தம் 11 புள்ளி எடுத்தும் அதோடு வெளியேறியது. மூன்று ஆண்டுகளுக்கு முன் அதே கோப்பையில் ஆடிய பெங்களூரு எஃப்.சி., குரூப் சுற்றில் மூன்றில் வென்று மூன்றில் தோற்று 9 புள்ளிதான் எடுத்தது. ஆனால் அந்த அணி இறுதி ஆட்டம் வரைக்கும் போனது. பெங்களூரு அணி அங்கே போனது தகுதியால்தான், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் கூடுதல் புள்ளி எடுத்த அணி வீட்டுக்கும், குறைந்த புள்ளி எடுத்த அணி இறுதிக்கும் போகிறது என்றால், குரூப் சுற்று எதைத்தான் அளக்கிறது என்று கேட்கத் தோன்றுகிறது.

குரூப் சுற்றின் கணக்கு எளிது. நான்கு அணிகள் சேர்ந்து ஒரு குரூப். ஒவ்வோர் அணியும் மற்ற மூன்றோடு சொந்த ஊரில் ஒருமுறை, அவர்கள் ஊரில் ஒருமுறை மோதும். வெற்றிக்கு 3 புள்ளி, டிராவுக்கு 1. நாக்-அவுட்டில் ஒருநாள் சறுக்கினால் கதை முடிந்தது. இங்கே தோற்ற அணி அடுத்த ஆட்டத்தில் ஈடுகட்டலாம் என்பதுதான் இந்த முறைக்குக் கிடைக்கும் பாராட்டு. அந்தப் பாராட்டு உண்மையாக வேண்டுமானால் இரண்டாவதாக வரும் அணிக்கும் ஒரு வழி இருக்க வேண்டும். 2016-ல் ஒவ்வொரு குரூப்பிலிருந்தும் இரண்டு அணிகள் முன்னேறின. பெங்களூரு தன் குரூப்பில் இரண்டாமிடம். முதலிடம் நடப்புச் சாம்பியனான மலேசியாவின் ஜோகூர் அணிக்கு. குரூப்பில் இரண்டு முறையும் பெங்களூருவை வென்ற ஜோகூர், அரையிறுதியில் அதே பெங்களூருவிடம் தோற்றது. ஜோகூரில் 1-1, பெங்களூருவின் கண்டீரவா மைதானத்தில் 3-1. இரண்டாமிடம் என்றால் இரண்டாம் தரம் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

2017-ல் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு இந்தக் கோப்பையை ஐந்து மண்டலங்களாகப் பிரித்தது. தெற்காசியாவுக்கு ஒரே குரூப், அதில் முதலிடம் வரும் அணி மட்டுமே மேலே போகும். 2019-ல் அந்தக் குரூப்பில் சென்னையின், மினர்வா பஞ்சாப், டாக்காவின் அபஹானி, நேபாளத்தின் மனாங் மர்ஸ்யாங்தி ஆகிய நான்கும் இருந்தன. முதல் மூன்று ஆட்டங்களில் 7 புள்ளி எடுத்து சென்னையின் அணி முன்னிலை பெற்றது. அபஹானியை 1-0 என வென்றதும் அதில் அடக்கம். மே மாதம் டாக்காவில் அதே அபஹானியிடம் 2-3 என்று தோற்றது. அந்த ஓர் ஆட்டம் டிரா ஆகியிருந்தால் கடைசிக் கணக்கு சென்னையின் 12, அபஹானி 11 என்று முடிந்திருக்கும். கடைசி நாளான ஜூன் 26 அன்று சென்னையின் அணி காத்மாண்டுவில் மனாங்கை 3-2 என வென்றது. குவாஹாட்டியில் மினர்வாவோடு மோதிய அபஹானி டிரா செய்திருந்தால் இரண்டு அணிகளுக்கும் 11 புள்ளி. நேருக்கு நேர் மோதிய இரண்டு ஆட்டங்களையும் கூட்டினால் 3-3. எதிரணி ஊரில் இரண்டு கோல் அடித்த சென்னையின் அணி முந்தியிருக்கும். ஆட்டம் முடியும் தறுவாயில் அபஹானி கோல் அடித்தது. 13 புள்ளியோடு அது மேலே போனது. ஆறு ஆட்ட லீக் என்று பெயர்; நடந்தது என்னவோ நாக்-அவுட்.

விதி எல்லோருக்கும் ஒன்றுதானே, முன்கூட்டியே தெரிந்ததுதானே என்று கேட்கலாம். தெரிந்ததுதான். ஆனால் எல்லோருக்கும் ஒன்றல்ல. அதே 2019-ல் மேற்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் மும்மூன்று குரூப்கள் இருந்தன. மண்டல அரையிறுதிக்கு நான்கு அணிகள் தேவை என்பதால், இரண்டாமிடம் வந்த அணிகளில் சிறந்த ஒன்றுக்கும் இடம் கிடைத்தது. தெற்காசியாவில் இரண்டாமிடம் வந்தவருக்கு எதுவும் இல்லை. பயணச் செலவைக் குறைக்கத்தான் மண்டலம் பிரித்தார்கள் என்ற பதிலில் நியாயம் உண்டு. டாக்காவும் காத்மாண்டுவும் ஜோகூரைவிடப் பக்கம். ஆனால் முதலிரண்டு அணிகளுக்கு இடையே ஒரு மண்டல இறுதி ஆட்டம் வைத்திருந்தால் செலவு எவ்வளவு கூடியிருக்கும்? முதலிடத்தின் மதிப்பு குறையும் என்பார்கள். குறையாமலிருக்க அந்த ஆட்டத்தை முதலிடம் வந்த அணியின் ஊரிலேயே வைக்கலாம்.

இன்னொரு குறை, நம் பக்கத்தைச் சேர்ந்தது. சொந்த ஊரில் ஒருமுறை என்று மேலே சொன்னது சென்னைக்குப் பொருந்தவில்லை. சென்னையின் அணியின் மூன்று ‘ஹோம்’ ஆட்டங்களும் சுமார் 1,800 கிலோமீட்டர் தள்ளி அகமதாபாத்தில் நடந்தன. அத்திப்பட்டில் அனல் மின் நிலையத்திலோ காமராசர் துறைமுகப் பக்கமோ வேலை பார்க்கும் கால்பந்து ரசிகரை நினைத்துக்கொள்ளுங்கள். ஷிப்ட் முடிந்து மின்சார ரயில் ஏறினால் சென்ட்ரல். அங்கிருந்து நேரு ஸ்டேடியம் நடந்துபோகிற தூரம். அந்த ஆட்டங்களைப் பார்க்க அவர் எதிர்த்திசையில் நவஜீவன் எக்ஸ்பிரஸ் பிடித்திருக்க வேண்டும். அந்த ரயில் அத்திப்பட்டு வழியாகத்தான் போகிறது, நிற்காமல். 2017-18 ஐ.எஸ்.எல். கோப்பையை வென்றுதான் சென்னையின் அணி இந்தப் போட்டிக்குத் தகுதி பெற்றது. அந்த அணியில் ஆடிய தன்பால் கணேஷ் வியாசர்பாடிக்காரர். ஆட்டக்காரரைத் தந்த பகுதிக்கு ஆசிய ஆட்டம் டிவியில்தான் கிடைத்தது.

அகமதாபாத்தால் அணிக்கு நஷ்டம் இல்லையே என்று ஒருவர் மடக்கலாம், அது சரிதான். அந்த மூன்றில் இரண்டு வெற்றி, ஒரு டிரா, வாங்கிய கோல் ஒன்றுகூட இல்லை. எனவே தோல்விக்கு மைதானத்தைப் பழிக்க முடியாது. நஷ்டம் ஊருக்கு. நாக்-அவுட் ஆடும் கிளப், பாதியில் போனாலும் போகும். குரூப் சுற்றோ குறைந்தது மூன்று ஆசியப் போட்டி ஆட்டங்களை ஊருக்கு உறுதியாகக் கொண்டுவரும். பெரிய கிளப்களுக்கு இது சாதாரணம், சென்னைக்கு அப்படியில்லை. அடுத்த ஆண்டு, 2020-ல், ஐ-லீக் சாம்பியனாக சென்னை சிட்டி எஃப்.சி. அதே குரூப் சுற்றுக்கு வந்தது. அதற்கும் ஹோம் அகமதாபாத்தான். மாலத்தீவின் மஸியா அணியோடு மார்ச் 11-ல் 2-2 டிரா; பிறகு கொரோனா வந்து போட்டியே ரத்தானது.

ஏ.எஃப்.சி. கோப்பை இப்போது இல்லை. ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் 2024-25 முதல் குரூப்பையே கைவிட்டு, 36 அணிகளை ஒரே பட்டியலில் வைத்துவிட்டது. ஆசியாவின் முதல்நிலைப் போட்டியும் அதே வழியில் போய்விட்டது. இரண்டாம்நிலையான சாம்பியன்ஸ் லீக் டூவில் குரூப் தொடர்கிறது. ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டு அணிகள் மேலே போகின்றன. 2025 அக்டோபரில் எஃப்.சி. கோவா தன் சொந்த ஃபட்டோர்டா மைதானத்தில் அல்-நஸர் அணியை எதிர்கொண்டது. ரொனால்டோ வரவில்லை, கோவா 1-2 என்று தோற்கவும் செய்தது. இருந்தும் ஆசியப் போட்டி உள்ளூர் ரசிகர்களைத் தேடி வந்தது. சென்னை கிளப் ஒன்று மறுபடி தகுதி பெறும்போது விதி சாதகமாக இருக்கும். மைதானத்தை நகரம்தான் ஏற்பாடு செய்ய வேண்டும்.