வேலை தாமதமாகலாம், தவணை காத்திராது

மட்டாஞ்சேரியின் மிளகு, சுக்குக் கிடங்குகளில் ஒரு காலத்தில் வேலைக்குச் சேரப் பட்டம் தேவைப்படவில்லை. இன்று அக்கிடங்குகளுள் பல பழம்பொருள் கடைகளாகவும் உணவகங்களாகவும் மாறிவிட்டன. தரகர்கள் கூவி விலை பேசிய மிளகு வணிகமும் கணினித் திரைக்குச் சென்றது. அதே தெருக்களில் வளர்ந்து பட்டம் பெற்ற பிள்ளைகள், காயலைக் கடந்து எர்ணாகுளத்திலும் காக்கநாட்டு இன்போபார்க்கிலும் வேலை தேடுகின்றனர்.

மத்திய அரசின் 2023–24 ஆம் ஆண்டுத் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 29 வயது வரையிலானோரிடையே வேலையின்மை நாட்டளவில் 10.2 விழுக்காடு, கேரளத்தில் 29.9 விழுக்காடு. கேரளத்தின் இளம்பெண்களிடையே அது 47.1 விழுக்காடு. அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 2023இல் வெளியிட்ட அறிக்கை மற்றொன்றையும் காட்டுகிறது. 25 வயதுக்குட்பட்ட பட்டதாரிகளிடையே 42 விழுக்காடாக உள்ள வேலையின்மை, 30–34 வயதினரிடையே 10 விழுக்காட்டிற்கும் கீழே இறங்குகிறது. சிலர் தேடுவதையே விட்டுவிடுகின்றனர். பலருக்கு வேலை கிடைக்கிறது, ஆனால் காலந்தாழ்ந்து கிடைக்கிறது.

கல்விக் கடன் பெற்ற குடும்பங்களுக்கு இக்காலதாமதமே பெருஞ்சுமை. படிப்புக் காலத்திலும் அதன்பின் ஓராண்டு வரையிலும் பொதுவாகத் தவணை செலுத்த வேண்டியதில்லை. எனினும் வட்டி வளர்ந்துகொண்டே இருக்கும். எடுத்துக்காட்டாக, 3 இலட்சம் ரூபாய்க் கடனுக்கு 10 விழுக்காடு வட்டி எனக் கொள்வோம். காத்திருக்கும் ஓராண்டில் மட்டும் 30,000 ரூபாய், அதாவது மாதம் 2,500 ரூபாய், வட்டியாகச் சேரும். தவணை தொடங்கும்போது அதுவரை சேர்ந்த வட்டி அசலுடன் கூட்டப்படும்.

ஆகவே நாம் மூன்று வழிகளைப் பரிந்துரைக்கிறோம்.

முதலாவது, இயன்றால் வட்டியையேனும், அல்லது அதில் ஒரு பகுதியையேனும், மாதந்தோறும் செலுத்தி வருவது. காத்திருப்புக் காலத்தில் வட்டியை முறையாகச் செலுத்துவோருக்கு வட்டி விகிதத்தில் சலுகை உண்டா என்பதைக் கிளையில் கேட்டறியலாம்.

இரண்டாவது, தவணை நாள் நெருங்கியும் வேலை அமையாவிடில், அந்நாளுக்கு முன்னரே கிளை மேலாளரைச் சந்திப்பது. வேலையற்ற காலத்தைக் கருதித் தவணையை ஒத்திவைக்க, வங்கியின் ஒப்புதலுக்குட்பட்டு, கல்விக் கடன் திட்டத்தில் இடமுண்டு. தவணை 90 நாள்களுக்கு மேல் நிலுவையில் நின்றால் கடன் வாராக்கடனாக வகைப்படுத்தப்படும். மாணவருடன், இணைக் கடனாளியான பெற்றோரின் கடன் மதிப்பெண்ணும் அதனால் குறையும்.

மூன்றாவது, தொழில் பழகுநர் பயிற்சி. 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தில் 1973இல் பொறியியல் பட்டதாரிகளும், 2014இல் பிற பட்டதாரிகளும் சேர்க்கப்பட்டனர். பயிற்சியின்போது மாதந்தோறும் உதவித்தொகை கிடைக்கும். நிறுவனங்கள் கேட்கும் முன் அனுபவத்திற்குச் சான்றும் கைக்கு வரும்.

வேலை கிடைக்கவில்லை என்று சொல்லக் கூசிப் பெற்றோர் பலர் கிளைக்கு வரத் தயங்குகின்றனர். அத்தயக்கம் வேண்டாம். தவணை தவறுவதற்கு முன் வருவோருக்கே எம்மால் மிகுதியாக உதவ இயலும்.