குதிரைவலுவும் கொண்டை ஊசி வளைவும்

கம்பளையிலிருந்து புசல்லாவை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் பாதையில், இறம்பொடை நீர்வீழ்ச்சியின் இரைச்சல் பின்னால் தேய்ந்ததும், அதுவரை கலகலப்பாய்ப் பேசிவந்த சாரதி சட்டென்று மௌனமாகிவிடுவதை அவ்வழியே அடிக்கடி பிரயாணம் செய்வோர் கவனித்திருப்பார்கள். ஒருபுறம் கை நீட்டினால் தொடக்கூடிய தேயிலைச் சரிவு, மறுபுறம் அடிவாரத்தில் மினுங்கும் கொத்மலை நீர்த்தேக்கம், நெற்றிக்கு நேரே அடுத்த வளைவு; அந்த வளைவு கண்ணில் படுமுன்பே அவர் கியரைக் குறைத்து, பஸ்ஸின் பின்பாகம் எவ்வளவு இடம் கேட்கும், மழை ஈரத்தில் டயர் எவ்வளவு பிடிக்கும், எதிரே லொறி வந்தால் எங்கே ஒதுங்கலாம் என்பதையெல்லாம் மனத்துக்குள் நிர்ணயம் செய்துவிடுகிறார். ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே ஓட்டத்தை அறிகின்ற இந்த வித்தையைத் தர்க்க சாஸ்திரிகள் அனுமானம் என்பார்கள்.

இதே அனுமானத்தைத்தான், இன்னும் விற்பனைக்கே வராத ஒரு வண்டியைக் குறித்து, பந்தய உலகத்தார் செய்கிறார்கள். பெரிய எட்டுச் சிலிண்டர் யந்திரத்தைத் தாங்கி உறுமிக்கொண்டு வரும் அமெரிக்க 'மசில் கார்' ஒன்று வரப்போகிறதென்றால், முதலில் அச்சாவது அதன் குதிரைவலு. அதைப் படித்த மாத்திரத்தில், வலு மிகுந்ததே பந்தயப் பாதையிலும் முந்தும் என்று பெரும்பாலோர் முடிவுகட்டிவிடுகிறார்கள். முடிவு தவறுவதும் அங்கேதான்.

செவ்ரொலே நிறுவனத்தின் கமரோ வண்டிகள் இரண்டைப் பாருங்கள். ஒன்று 580 குதிரைவலுவுள்ள 'இசட் எல் 1'. மற்றது 2013இல் அறிவிக்கப்பட்ட, 505 குதிரைவலுவே கொண்ட 'இசட் 28'. ஜேர்மனியில் 20 கிலோமீற்றருக்கு மேல் மலைக்காட்டினூடே நெளிந்தோடும் நூர்புர்க்ரிங் பாதையை முன்னது 7 நிமிடம் 41 வினாடியில் சுற்றியிருந்தது. பின்னதோ, பாதையின் ஒரு பகுதி மழையில் நனைந்து கிடந்தபோதே, 7 நிமிடம் 37 வினாடியில் சுற்றி வந்தது. 75 குதிரைவலு குறைந்த வண்டி எப்படி வென்றது? அது சுமார் 136 கிலோ இலகுவாக இருந்தது. பின்கண்ணாடியின் தடிப்பைக்கூட 3.5 மில்லிமீற்றரிலிருந்து 3.2 ஆகக் குறைத்திருந்தார்கள். குளிரூட்டி வேண்டுவோர் தனியே கேட்டு வாங்க வேண்டியிருந்தது. டயர்களோ பந்தயத்துக்கென்றே வார்க்கப்பட்டவற்றுக்கு நெருங்கியவை. கண்ணாடியில் அரை மில்லிமீற்றரும் இல்லாத தடிப்பைச் சுரண்டியெடுத்த அந்தப் பொறியியலாளரின் பொறுமையை நான் மிகவும் மதிக்கிறேன்.

வளைவின் கணிதம் எளியது. 15 மீற்றர் ஆரமுள்ள ஒரு கொண்டை ஊசி வளைவை, புவியீர்ப்பின் பத்தில் ஒன்பது பங்கு அளவுக்குப் பக்கவாட்டில் பிடிக்கக்கூடிய டயரோடு, மணிக்கு ஏறத்தாழ 41 கிலோமீற்றரில் கடக்கலாம். 300 குதிரைவலுவானாலும் 800 ஆனாலும் அந்த 41ல் மாற்றமில்லை. கணினியில் செய்யும் அனுமானமும் இதன் விரிவே: பாதையைச் சிறு சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொரு வளைவுக்கும் உச்ச வேகத்தைக் குறித்து, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு எந்த இடத்தில் பிரேக்கை மிதிக்க வேண்டுமென்றும், முன்னோக்கிக் கணக்கிட்டு அடுத்த வளைவுக்குள் எவ்வளவு வேகம் திரட்டலாமென்றும் கண்டு, துண்டுகளுக்கான நேரத்தையெல்லாம் கூட்டுகிறார்கள். யந்திரத்தின் வலு பேசுவது இரண்டு வளைவுகளுக்கு இடைப்பட்ட அந்த நேர்ப்பாதையில் மட்டுமே.

நம் மலையில் அந்த வலுவும் முழுமையாய்க் கிடைக்காது. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்று, கொழும்பின் காற்றைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு மெலிந்தது. பெற்றோலை எரிக்க யந்திரம் சுவாசிப்பது அக்காற்றையே. ஆதலால் காற்றை அழுத்தி ஊட்டும் கருவியில்லாத இசட் 28ஐ அங்கே கொண்டுபோனால், அதன் 505 குதிரைவலு ஏறக்குறைய 425 ஆகச் சுருங்கும். மெல்லிய காற்று வண்டியைத் தடுப்பதும் குறைவு என்பது உண்மையே. ஆனால் பின்னிறக்கை வண்டியைத் தரையோடு அழுத்துகின்ற அழுத்தமும் அதே விகிதத்தில் குறைந்துவிடும்.

ஏற்றத்தைவிட இறக்கமே கடுமையான பரீட்சை. நுவரெலியாவிலிருந்து இறம்பொடைக்குள் ஏறத்தாழ 900 மீற்றர் இறங்குகிறோம். அந்த இறக்கத்தில் வண்டியிடமிருந்து விடுபடும் சக்தி, மணிக்கு 100 கிலோமீற்றரில் ஓடும் அதே வண்டியை இருபது தடவைக்கு மேல் பிடித்து நிறுத்தும்போது பிரேக்கில் வெந்து தீரும் சக்திக்குச் சமம். காற்றும் யந்திரத்தின் இழுவையும் ஒரு பங்கை ஏற்க, மிச்சம் முழுவதும் பிரேக்கின் தலையில்தான் விழுகிறது. லபுக்கலையிலிருந்து இறங்கி வந்து ஓரமாய் நின்ற ஒரு லொறியின் அருகே நான் நடந்திருக்கிறேன். சக்கரத்திலிருந்து எழுந்த கருகல் நெடியில் பக்கத்துத் தேயிலைக் கொழுந்தின் வாசனையே மறைந்துபோயிற்று. இசட் 28க்குக் கார்பன் செராமிக் பிரேக் வைத்தது அலங்காரத்துக்காக அல்ல.

அனுமானம் பலித்ததற்கும் அண்மையில் ஓர் உதாரணம் உண்டு. ஃபோர்ட் நிறுவனம் 2023இல் 'மஸ்டாங் ஜி.டி.டி.' வண்டியை அறிமுகம் செய்தபோதே, நூர்புர்க்ரிங்கை 7 நிமிடத்துக்குள் சுற்றுவதே இலக்கு என்று பகிரங்கமாகச் சொல்லிற்று. 2024 ஓகஸ்டில் அவ்வண்டி 6 நிமிடம் 57.685 வினாடியில் ஓடியது. மறுவருஷம் அது 6 நிமிடம் 52.072 ஆயிற்று. 815 குதிரைவலு இருந்தும், ஓட்டத்துக்கு ஏற்பத் திரும்பும் இறக்கையின்றியும் பொருத்தமான டயரின்றியும் அந்த நேரம் சித்தித்திராது என்பது என் அபிப்பிராயம்.

நம்மவர் இதைக் கண்ணாலேயே பரிசோதிக்க நூர்புர்க்ரிங் வரை போக வேண்டியதில்லை. 1934 முதல் நுவரெலியாவின் மகாகஸ்தோட்டையில் மலையேற்ற மோட்டார்ப் பந்தயம் நடந்து வந்திருக்கிறது. சித்திரைப் பருவத்தின் பெரும் விசேஷம் அது. வண்டிகள் ஒன்றோடொன்று மோதாமல், கடிகாரத்தோடு போட்டியிட்டுத் தனித்தனியே ஏறுகின்றன. புறப்படும் இடத்தின் உறுமலை விட்டு மேலேறி, ஒரு வளைவின் ஓரத்தில் பாதுகாப்பாய் நின்று, எந்த வண்டியின் பிரேக் விளக்கு மற்றவற்றைவிடப் பத்தடி தாமதித்து எரிகிறதென்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். நேரப் பட்டியல் பிற்பாடு வரட்டும்.